தீபாவளி இரவுப் பேய்க்கதை: நேரலையா, ஒரே மூச்சுப் பதிவா, ஒட்டுவேலையா?

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31. தஞ்சாவூரில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு அந்த மாதம் பள்ளியில் ஒரு குழுப்பணி: ஹாலோவீனுக்கு ஒரு திகில் ஒலி நிகழ்ச்சி. "அத்தை, பூசணிக்காயை வெட்டி விளக்கு வைக்கறதை ரேடியோவுல எப்படிக் காட்டறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் யோசனை பிடித்துப்போய், அதையே தீபாவளிக்கு மாற்றி என் ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்தேன்.

அதிலிருந்து வருஷாவருஷம் தெரிந்த ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கதை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு போன் இல்லாவிட்டாலும் குழுவுக்கு ஒன்றாவது தேறும். எப்படிச் செய்வது? வகுப்பில் நேராக நடித்துக் காட்டுவதா? ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வதா? அவரவர் வீட்டில் பேசி அனுப்பி, ஒருவர் ஒட்டுவதா?

அந்த முதல் வருஷம் எங்களுக்கு ஒரு வசதி அமைந்தது. இருபத்துநான்கு பேர், எட்டெட்டாக மூன்று குழு. மூவருக்கும் ஒரே பன்னிரண்டு நிமிடக் கதைதான். செய்முறை மட்டும் வேறு வேறு. ஆகவே ஒப்பிட முடிந்தது. (ஒரே பேயை மூன்றாவது முறை கேட்கும்போது யாருக்கும் பயம் வராது. அந்தத் தள்ளுபடியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

கதை இதுதான். தீபாவளி விடியற்காலை மூன்று மணி. தமிழ்நாட்டில் தீபாவளி சதுர்த்தசியில் வருவதால் வானத்தில் நிலவு இருக்காது, நல்ல கும்மிருட்டு. கொல்லையில் வெந்நீர் கொதிக்கிறது. பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சுகிறாள். கொல்லைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். "கொஞ்சம் எண்ணெய் குடுங்கம்மா, தலைக்கு வச்சு ரொம்ப நாளாச்சு." பாட்டிக்கு அந்தக் குரலைத் தெரியும். அவ்வளவுதான், மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பயம். கேட்பவர் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் மற்றதெல்லாம் நன்றாக இருந்து பயனில்லை.

இரண்டாவது, வேலை எட்டுப் பேருக்கும் பிரிகிறதா என்பது. குழுப்பணி என்று பெயர் வைத்துவிட்டு ஒரு பிள்ளையின் முதுகில் ஏற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக எடை. மதிப்பெண் எட்டுப் பேருக்கும் சமமாகப் போகும், தூக்கம் மட்டும் ஒருவருக்குக் கெடும்.

மூன்றாவது, நம் ஊர்ச் சத்தம். அக்டோபர் இருபதாம் தேதிவாக்கில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் தகரக் கூரை மேல் மழை, வாய்க்கால் முழுக்கத் தவளை, தூரத்தில் பம்புசெட், கோயில் ஒலிபெருக்கி. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வெடி வேறு.

இதற்குப் பிறகு நாள் கணக்கு, செலவு, கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்பவை.

## வகுப்பில் நேரலை

இரண்டு பெஞ்சுகளுக்கு இடையில் வேட்டியைக் கட்டி, அதற்குப் பின்னால் எட்டுப் பேரும் நிற்பார்கள். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டால் வகுப்பு முழுக்க வெறும் காது மட்டும்தான். 1939-ல் திருச்சி வானொலி தொடங்கிய காலத்தில் நாடகம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான், நேராக மைக் முன்னால். தவறினால் தவறியதுதான்.

இதன் பெரிய வரவு, சத்தம் செய்கிற வேலை. பேச வெட்கப்படும் பிள்ளைகளுக்கு இதில் ராஜ மரியாதை கிடைக்கும். முறத்தில் அரிசியைப் போட்டு மெல்லச் சுழற்றினால் மழை. பழைய எக்ஸ்ரே படத்தை இரு கையாலும் பிடித்து உதறினால் இடி. சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கினால் அடுப்பு எரிகிறது. பட்டுப் புடவையைப் பெஞ்சு விளிம்பில் இழுத்தால் காற்று. சேற்றில் நடக்கும் காலடிக்கு, ஈரத்துணியை வாளியில் போட்டுப் பிழிந்து பிழிந்து எடுக்க வேண்டும். கதவு கிறீச்சிடுவதற்கு எதுவும் தேட வேண்டியதில்லை, எங்கள் வகுப்புக் கதவே போதும்.

அந்தக் குழுவில் வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். கதவு தட்டும் வேலை அவனுக்கு. முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் அவன் விட்ட இடைவெளியில்தான் முன்வரிசை அலறியது. ஒத்திகையில் அவ்வளவு நேரம் விடவில்லை. வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்து, அதற்கேற்ப நீட்டியிருக்கிறான். பதிவு செய்த நிகழ்ச்சியால் இது முடியாது, அதற்குக் கேட்பவரைத் தெரியாது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். ஒன்று, அந்த நாள். மழைக்காலத்தில் எட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். பாட்டியாக நடிக்க வேண்டியவள் வரவில்லை என்றால் நிகழ்ச்சி இல்லை; ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்று ஆள் தேவை. ஒத்திகை நேரம் ஒன்றரை மடங்காகும். இரண்டு, சிமெண்டுச் சுவர் வகுப்பின் எதிரொலி. ஒலிபெருக்கி வைத்தால் வசனம் குழம்பும், வைக்காவிட்டால் கடைசி வரிசைக்குக் கிசுகிசுப்பு எட்டாது. நாங்கள் வைக்கவில்லை, பிள்ளைகளை நெருக்கி, தரையில் உட்கார வைத்தோம். மூன்று, சிரிப்பு. ஒருவன் சிரித்தால் போதும், பேய் ஓடிவிடும்.

இன்னொரு லாபம் பலர் கவனிக்காதது. நம் பதிப்புரிமைச் சட்டம், பள்ளி நடவடிக்கையாக மாணவர்களும் ஆசிரியர்களும், பார்ப்பவர்கள் அதே பள்ளி ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. நடுவில் ஒரு சினிமா இசைத் துணுக்கு ஒலித்தாலும் வகுப்புக்குள் தொல்லையில்லை. அதையே இணையத்தில் ஏற்றினால் கதை வேறு.

## ஒரே அறையில், ஒரே மூச்சில் பதிவு

எட்டுப் பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் பேசுவது. தவறினால் முதலிலிருந்து. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு நிமிட நாடகத்தை ஒரு சாயங்காலத்தில் நாலு தடவை எடுக்கலாம். மூன்றாவதோ நாலாவதோ சரியாக வந்துவிடும். எங்களுக்கு நாலாவது.

இதில் பாதி வெற்றி அறையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. வெற்றுச் சுவர் அறையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். மெத்தை, போர்வை, துணி நிறைந்த அறை நல்லது. டெல்டாவில் அதைவிட நல்ல அறை ஒன்று உண்டு: நெல் மூட்டை அடுக்கிய அறை. மூட்டைகள் மூன்று பக்கமும் இருந்தால் எதிரொலி சுத்தமாக அடங்கிவிடும். எங்கள் குழு ஒரு மாணவியின் தாத்தா வீட்டில் அப்படி ஓர் அறையைப் பிடித்தது. குறுவை அறுத்து, விற்றது போக மிச்சம் இருபது மூட்டை இருந்திருக்கும். காசு கொடுத்து ஸ்டுடியோ பிடித்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்குமா என்று சந்தேகம்தான். சுணை மட்டும் கொஞ்சம் அரித்தது.

அதே வீட்டில் காலியாக ஒரு பழைய பத்தாயமும் இருந்தது. பேயின் குரலை அதற்குள் தலையை நீட்டிப் பேச வைத்தார்கள். மரப்பெட்டிக்குள் குரல் உருண்டு, கனத்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் வந்தது. எந்தச் செயலியிலும் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. பத்தாயம் இல்லாதவர்கள் பித்தளை அண்டாவைப் பயன்படுத்தலாம். குரல் கொஞ்சம் கணகணக்கும். (பத்தாயத்துக்குள் முழுதாக இறங்குவதென்றால் மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். இது விளையாட்டில்லை.)

போனை மடித்த துண்டின் மேல் வைக்க வேண்டும், பலகை மேல் வைத்தால் கால் அசைவெல்லாம் விழும். பேசுபவர் ஓர் அடி தள்ளி. கிசுகிசுக்க வேண்டியவர் நகர்ந்து கிட்டே வர வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். போனை ஃபிளைட் மோடில் போட வேண்டும். இந்தக் கடைசியை நாங்கள் கற்றுக்கொண்டது மூன்றாவது பதிவின் பதினோராவது நிமிடத்தில். பேய் எண்ணெய் கேட்கிற இடத்தில், போன் கொடுத்த அப்பாவைத் தேடி உரக்கடைக்காரர் கூப்பிட்டார்.

மறைந்த செலவு என்றால், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வர வேண்டியதுதான். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, பெண் பிள்ளைகளை அனுப்புவார்களா, யார் வீட்டில் எட்டுப் பேருக்கு டீயும் முறுக்கும் என்பதையெல்லாம் முன்னாலேயே பேசிவிடுங்கள். வெடிச் சத்தத்துக்கு மாற்று இல்லை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பாகவே முடிக்க வேண்டும், மழை விட்ட ஒரு சாயங்காலம் பார்த்து.

## அவரவர் வீட்டில் பேசி, ஒருவர் ஒட்டுவது

பிள்ளைகள் எல்லாருக்கும் முதலில் பிடிப்பது இதுதான். சௌகரியமாகத் தெரியும். சேர்ந்து கூட வேண்டாம், பத்து தடவை தவறினாலும் யாரும் பார்க்கப்போவதில்லை.

சிக்கல் கோப்புகள் வந்து சேர்ந்த பிறகு ஆரம்பிக்கும். பாட்டி குளியலறையிலிருந்து பேசுகிறாள், பேரன் மின்விசிறிக்கு அடியில், பேய் மட்டும் எப்படியோ பஸ் ஸ்டாண்டில். மூவரும் ஒரே கொல்லையில் நிற்பதாகக் கேட்பவர் நம்ப வேண்டும். அதைவிட மோசம், ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் தொனி இல்லாமல் போவது. "யாரது?" என்று கேட்பவளுக்கு எதிரில் யாரும் இல்லை. ஆகவே அது கேள்வியாக வராது, ஒப்பிப்பாக வரும். பயம் குரலில் ஒட்டுவது இன்னொரு குரலைக் கேட்கும்போதுதான்.

ஒட்டும் வேலையை எங்கள் குழுவில் ஒரு மாணவி ஏற்றாள். நாலு ராத்திரி, மொத்தம் பதினோரு மணி நேரத்துக்கு மேல். மற்ற ஏழு பேர் செய்தது ஆளுக்கு அரைமணி. ஐந்தாம் நாள் காலை அவள் கண்ணைப் பார்த்தபோது நிஜப் பேய் அதுதான் என்று தோன்றியது. தவறு என்னுடையது. வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் விட்டேன்.

இருந்தும் இந்த வழியை ஒதுக்க மாட்டேன். மற்ற இரண்டிலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்: இடமும் வலமும். இயர்போனில் கேட்கும்போது கதவு தட்டும் சத்தம் இடது காதிலிருந்து வந்து, கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் வலது காதுக்கு ஒட்டினாற்போல் "கொஞ்சம் எண்ணெய்..." என்று வந்தது. எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது, அதுவும் கதை முழுக்கத் தெரிந்த பிறகு. தவிர, விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்ட பிள்ளைகளும் சேரலாம். கூட்டத்தில் வாய் வராதவர்கள் தனியறையில் பிரமாதமாகப் பேசுவார்கள்.

செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பேசி அனுப்பக் கூடாது, சத்தம் நசுங்கி வரும். போனில் உள்ள ரெக்கார்டரில் பதிவு செய்து, டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். சுருக்காத வேவ் கோப்பு ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி பிடிக்கும். கடைசியில் எம்பி3 ஆக்கினால் பன்னிரண்டு நிமிடமும் 12 எம்பிக்குள் அடங்கும். ஒவ்வொருவரும் பேசத் தொடங்குமுன் அரை நிமிடம் சும்மா இருந்து, அறையின் அமைதியைப் பதிய வேண்டும். வசனங்களுக்கு நடுவில் அதை நிரப்பினால் ஒட்டு தெரியாது. வெறுமையாக விட்டால் சத்தம் வெட்டி வெட்டி நின்று காட்டிக்கொடுத்துவிடும். கோப்புக்குப் பெயராக காட்சி எண், பாத்திரம் இரண்டையும் எழுத வேண்டும். "புதியபதிவு7" என்று பன்னிரண்டு கோப்பு வந்தால் அழத்தான் வேண்டும்.

ஒட்டுவதற்குக் கணினியில் இலவசமான ஆடாசிட்டி போதும். ஆனால் பள்ளிக் கணினிகளில் புது மென்பொருள் ஏற்ற அனுமதி வாங்குவதற்குள் தீபாவளி போய்ப் பொங்கல் வந்துவிடும். போனிலேயே ஒட்டும் இலவசச் செயலிகளை முன்னாலேயே பார்த்துவையுங்கள். முக்கியமாக, மூன்று காட்சி என்றால் மூன்று பேர் ஒட்ட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | நேரலை | ஒரே மூச்சுப் பதிவு | ஒட்டுவேலை |
|---|---|---|---|
| பயம் | கூட்டத்தைப் பொறுத்தது; அமைந்தால் இதற்கு நிகரில்லை | நிதானமான, கனத்த பயம் | இயர்போனில் மட்டும் |
| வேலைப் பங்கீடு | எட்டுப் பேருக்கும் | எட்டுப் பேருக்கும் | கவனிக்காவிட்டால் ஒருவருக்கு |
| நாள் | ஒத்திகை 8 முதல் 10 நாள் | ஒத்திகை 5 நாள், பதிவு ஒரு சாயங்காலம் | பதிவு 3 நாள், ஒட்ட ஒரு வாரம் |
| ஊர்ச் சத்தம் | பரவாயில்லை | பெரிய எதிரி | ஆளுக்கொரு எதிரி |
| மிஞ்சுவது | நினைவு | ஒலிக்கோப்பு | ஒலிக்கோப்பு, கூடவே ஒரு கைத்தொழில் |

நாள் கணக்கு எங்கள் பிள்ளைகளின் வேகத்துக்கு. காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு தொடங்கினோம்.

## கதை தேடும்போது

எந்த வழியானாலும் கதையில் இரண்டு விஷயம்.

புதுக்கதை தோன்றவில்லையென்றால் பக்கத்திலேயே இருக்கிறது. பூம்புகாரில் இருபத்தெட்டு நாள் இந்திர விழா. விழாவை மறந்தால் பூதம் துன்பம் செய்யும் என்று முரசறைந்து எச்சரிக்கிறார்கள். அதே ஊர்ச் சுடுகாட்டுக்கு இரவில் தனியாகப் போன சார்ங்கலன் என்ற சிறுவன், பேயைப் பார்த்து நடுங்கி, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் உயிர்விடுகிறான். எல்லாம் மணிமேகலையில் உள்ளது, யாருடைய அனுமதியும் வேண்டாம். பண்டிகை, பேய், காவிரிக்கரை மூன்றும் ஒரே இடத்தில்.

அந்த ஊரைக் கடல் கொண்ட பகுதியைச் செய்திவாசிப்பு மாதிரிச் செய்யலாமா என்று ஒரு குழு கேட்டது. "இப்போது வந்த செய்தி, கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது" என்று. 1938 அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தின இரவு, அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் குழு செவ்வாய்க் கிரகத்தார் வந்து இறங்கியதாக இதே பாணியில் நேரலையாக நடத்தியது. நடுவில் கேட்கத் தொடங்கிய சிலர் நிஜம் என்று நம்பினார்கள். மறுநாள் நாளிதழ்கள் அதை நாடே நடுங்கியதாக ஊதிப் பெருக்கின. உத்தி என்ற அளவில் அருமைதான். ஆனால் 2004 சுனாமியும் 2018 நவம்பரில் கஜா புயலும் பார்த்த நாகை, வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கடல் ஊருக்குள் வந்தது கதையல்ல. வேண்டாம் என்றேன். ஒலிக்கோப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. முன்னுரையை வெட்டிவிட்டு யாராவது வாட்ஸ்அப்பில் பரப்பினால் திரும்பப் பெற முடியாது.

அதேபோல, ஊரில் நிஜமாகச் செத்துப்போனவர் பெயரில் பேய் வேண்டாம். வெள்ளைப் புடவை மோகினியும் எனக்கு அலுத்துவிட்டது. எண்ணெய் கேட்கும் கிழக்குரல் அதைவிடப் பயங்கரம்.

## உங்களுக்கு எது

பத்து நாளுக்கு மேல் இருக்கிறது, பிள்ளைகள் ஒரே ஊர் அல்லது ஒரே விடுதி, சத்தமில்லாத ஓர் அறை கிடைக்கிறது: யோசிக்காமல் ஒரே மூச்சுப் பதிவு. பயம், பங்கீடு, கையில் மிஞ்சுவது மூன்றும் சேர்ந்து கிடைப்பது இதில்தான். முதல்முறை செய்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வகுப்பில் பேசாத பிள்ளைகள் அதிகம், அல்லது மழை தொடங்கிவிட்டது, அல்லது போனே கிடைக்கவில்லை என்றால் நேரலை. மழை பெய்தால் அதையும் கதையில் சேர்த்துக்கொள்ளலாம், முறத்து அரிசி மிச்சம். மூலையில் ஒரு போனை வைத்து அதையும் பதிவு செய்துவையுங்கள். கேட்க அவ்வளவு நன்றாக இராது, ஆனால் மதிப்பெண் பற்றிக் கேள்வி வந்தால் கையில் சான்று இருக்கும்.

பிள்ளைகள் ஏழெட்டு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், பள்ளி நேரத்துக்குப் பிறகு யாராலும் நிற்க முடியாது என்றால் ஒட்டுவேலைதான். ஒட்டுகிறவர்கள் குறைந்தது மூன்று பேர் என்று எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். இணையத்தில் போடும் எண்ணம் இருந்தாலும் இதுவே பொருந்தும். அப்போது சினிமா இசை கூடாது, சலங்கையும் உடுக்கையும் நீங்களே அடித்துப் பதிந்துகொள்ளுங்கள்.

கலப்பும் உண்டு. வசனத்தை ஒரே மூச்சில் எடுத்துவிட்டு, இடி மழை காலடியை மட்டும் பிறகு ஒட்டுவது. இரண்டாம் வருஷத்திலிருந்து எங்கள் வகுப்பு அதற்கு மாறிவிட்டது. ஒட்டும் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, கண் சிவந்த பிள்ளை யாரும் இல்லை.

இந்தத் தடவையும் அந்தத் தாத்தா வீட்டையே கேட்டிருக்கிறோம். மூட்டை அறைக்குச் சரி என்றுவிட்டார். பத்தாயத்தை விற்கப் பேரம் நடக்கிறதாம். தீபாவளி வரைக்குமாவது தள்ளிப்போடச் சொல்லி, எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.